ஆப்பிரிக்கக் கானகமும் அங்குச் செல்வோர் கடமையும்

மாந்தர்க்கு இயல்பாயமைந்த அவாக்களுள், காணாத இடத்தைக் காணவேண்டும் என்னும் அவாவும் ஒன்று. அது குழவிப்பருவத்தே தோன்றி மூப்பிலும் நீங்காது நிற்பது. வீட்டு முற்றத்தைக் கடந்த சிறுவன் தெருவை நாடுகின்றான். தெருவைக் கண்டவன் ஊரெல்லையை நாடுகின்றான். ஊரெல்லை கடந்தவனுக்கு நாட்டின் எல்லையும் குறுகித் தோன்றுகின்றது. இவ்வாறு எல்லைகளைக் கடந்து கடந்து செல்வார்க்கு இறுதியில் எஞ்சி நிற்பது, சாலையும் விளக்கும் சென்று சேராத பெருங்கானகமே. அத்தகைய கானகங்கள் இந்நாளில் உலகிற் சிலவே உள. அச்சிலவற்றுட் பல ஆப்பிரிக்காக் கண்டத்தில் உள்ளன. அங்குச் செல்லுதல் தகுமா, தகுமெனின் எங்ஙனம் செல்லுதல் தகும் என்பதே யாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருள் எம் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுதும். சென்ற ஆண்டில் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் விடுதிக்கு வந்து ஓரிரவு எம்மோடு தங்கினார். ஜாம்பியா நாட்டுப் பள்ளிக்கூடங்களிற் பல்லாண்டு கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். இரவுணவுக்குப் பின் அவர் சுவரிற் காட்டிய படங்கள் எம் உறக்கத்தைக் கெடுத்துவிட்டன. நீர் வற்றிய ஆற்றுமணலிற் பதிந்த யானையடிகள், விடியலில் புல்வெளிமேற் படர்ந்த பனி, துப்பாக்கி தாங்கி முன்னே நடக்கும் வனக்காவலர் ஒருவரின் முதுகு ஆகியவற்றையே அவர் மிகுதியாய்க் காட்டினார். “தம்பி, அடுத்த கோடை விடுமுறைக்கு நீயும் உன் அறைத் தோழனும் என்னோடு வாருங்கள், பாதிச் செலவு என் பொறுப்பு,” என்று அவர் கூறியபோது, யாம் மனத்தளவில் மூட்டை கட்டிவிட்டோம்.

ஆனால் அவர் சென்ற பின் விடுதியில் வாதம் மூண்டது. “வறியோர் நாட்டிற்குச் சென்று அவர்தம் விலங்குகளை வேடிக்கை பார்த்தல் செல்வர் விளையாட்டு, அண்ணன் வீட்டுப் பணத்தில் படிக்கும் உமக்கு இஃதெதற்கு?” என்றார் ஒருவர். “வேடிக்கை பார்ப்போர் வாராதொழியின் அவ்விலங்குகளைக் காக்கப் பொருள் எங்கிருந்து வரும்?” என்றார் மற்றொருவர். “மனிதர் செல்லாதிருப்பதே அக்காட்டிற்கு நாம் செய்யும் நன்மை,” என்றார் மூன்றாமவர். மூவர் சொல்லிலும் உண்மை இருந்தது. ஆகலின், உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. பின்னர்ப் படித்தும் எண்ணியும் யாம் கண்ட முடிவையே இக்கட்டுரையில் வரைகின்றோம்.

‘சபாரி’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், செல்வச் சீமான்கள் மேற்கூரையற்ற வண்டியில் அமர்ந்து சிங்கத்தைக் காணுங் காட்சியே பலர்க்கும் நினைவில் வரும். சொல்லின் வரலாறோ வேறு. அது சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அரபு மொழியின் ‘ஸபர்’ என்னுஞ் சொல்லினின்று அது பிறந்தது. கடைக்குச் செல்லும் வணிகனும், தாய்வீடு செல்லும் மகளும் சுவாஹிலி மொழியில் சபாரி செல்பவரே. பொதுச்சொல்லாயிருந்த இதனை வேட்டைக்குரிய சிறப்புச்சொல்லாய் மாற்றியவர் ஐரோப்பியர். இங்ஙனம் ஒரு சொல்லின் பொருள் சுருங்கும்போது, அச்சொல்லைப் பேசுவோரின் வாழ்வும் நம் பார்வையினின்று மறைந்துவிடுகின்றது என்பதை மொழிப்பயிற்சி உடையோர் எளிதின் உணர்வர்.

வேட்டைச் சபாரியின் பெருமிதத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு அமையும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்து பதவி நீங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் என்பார் 1909-ஆம் ஆண்டில் தம் மைந்தரோடு கிழக்காப்பிரிக்கா சென்றார். காட்சிசாலைக்குப் பொருள் சேர்த்தல் அப்பயணத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 என்று அவரே கணக்கு எழுதினார். இந்நாளிற் பயணிகளிற் பெரும்பாலோர் துப்பாக்கியை விடுத்துப் புகைப்படக் கருவியை ஏந்துகின்றனர். இது பெரியதொரு நன்மாற்றமே, மறுப்பார் இலர். எனினும் பழைய மனப்பான்மை முற்றும் ஒழிந்ததோ எனின், இல்லை. ‘பெரிய ஐந்து’ என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தனையும் இன்றும் பயண முகவர் விளம்பரம் செய்கின்றனர். நடந்து சென்று சுடுதற்கு மிக ஆபத்தானவை என வேடர் தெரிந்து வைத்த பட்டியல் அது. வேடர் போயினர், அவர்தம் பட்டியல் போகவில்லை. ஐந்தனையும் எண்ணி முடித்தவுடன், ‘கானகம் கண்டேன்’ என்று ஊர் திரும்புவோர் பலர். மாரா ஆற்றைக் கடக்கும் விலங்குகளைக் காண வண்டிகள் கரையில் நெருக்கியடித்து நிற்குங் காட்சியைப் படங்களிற் கண்டோர், அங்கு விலங்கு மிகுதியோ வண்டி மிகுதியோ என்று ஐயுறுவர்.

இந்நெருக்கத்தை வெறுத்தோரே தொலைவிலுள்ள, பலர் செல்லாத கானகங்களைத் தேடுகின்றனர். அவற்றுள் ஒன்றைச் சிறிது விரித்துக் கூறுவாம். சாட் நாட்டின் தென்கிழக்கில் ஸாக்கூமா என்னும் தேசியப் பூங்கா 1963-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மழைக்காலத்தில் அதன் பெரும்பகுதி நீருள் ஆழ்ந்துவிடும். சில திங்கள் வண்டி செல்ல வழியிராது. அத்தகைய இடத்தை யார் நாடிச் சென்று கெடுப்பர் என்று நாம் எண்ணலாம். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. 2002-ஆம் ஆண்டில் அங்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் இருந்தன. 2010-ஆம் ஆண்டில் எஞ்சியவை ஏறத்தாழ 450. குதிரையேறிப் படைக்கலம் தாங்கி வந்த கொள்ளையர் தந்தத்தின்பொருட்டு ஏனையவற்றைக் கொன்று குவித்தனர். உயிர் தப்பிய யானைகள் அச்சத்தால் ஒன்றையொன்று நெருங்கி ஒரே பெருங்கூட்டமாய்த் திரிந்தன. கன்று ஈனுதலும் அருகிற்று. அச்சம் ஓர் உயிரினத்தின் கருப்பையையும் மூடிவிடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

அவ்வாண்டிலேயே சாட் அரசாங்கம் அப்பூங்காவின் பொறுப்பை ‘ஆப்பிரிக்கன் பார்க்ஸ்’ என்னும் சங்கத்தோடு பகிர்ந்துகொண்டது. காவல் வலுப்பெற்றது. ஆயினும் 2012-ஆம் ஆண்டில், வைகறைத் தொழுகைக்கு நின்ற காவலர் அறுவர் கொள்ளையர் குண்டுக்கு இரையாயினர். தம் தோழர் இறந்த பின்னும் ஏனையோர் பணியை விடவில்லை. யானைகள் மீளக் கன்று ஈன்றன. 2018-ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை 500-ஐக் கடந்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவினின்று கருங்காண்டாமிருகங்கள் ஆறு அங்குக் கொணரப்பட்டன. அவற்றுள் நான்கு சில திங்களுக்குள் புதிய நிலத்தின் உணவோடு ஒத்துக்கொள்ளாது இறந்தன. நல்லெண்ணம் ஒன்றே போதாது. நிலத்தின் இயல்பறிதலும் வேண்டும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

மற்றொரு சான்றும் உண்டு. மொசாம்பிக் நாட்டுக் கோரொங்கோசாப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், பெருவிலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை அழிந்தன. போர்ப்படைகள் இறைச்சியையும் தந்தத்தையும் நாடிச் சுட்டன. நம் நாட்டிற் பெண்யானைக்கு வெளியே தோன்றும் தந்தம் இல்லை. ஆப்பிரிக்காவிலோ பெண்யானைக்கும் தந்தம் உண்டு. போர்க்காலத்தில் தந்தமுடையவை கொல்லப்பட, தந்தமின்றிப் பிறந்த சில பெண்யானைகளே மிகுதியாய் உயிர்தப்பின. அவற்றின் வழித்தோன்றல்களிலும் அவ்வியல்பு பரவிற்று. 2021-ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தந்தமற்ற பெண்யானைகளின் விகிதம் போருக்கு முன் நூற்றுக்குப் பதினெட்டளவில் இருந்து, பின் ஐம்பதளவிற்கு உயர்ந்தது. மனிதன் செய்த கொடுமை பிற உயிரின் உடலமைப்பிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கி ஓய்ந்து முப்பது ஆண்டு கழிந்தும் அவ்வெழுத்து அழியவில்லை.

இவ்விரு வரலாறும் எம் மூன்றாம் நண்பரின் வாதத்திற்கு விடையாகும். எவரும் செல்லாத காடு தானே காவலுறும் என்பது பிழை. நல்லோர் செல்லாத காட்டிற்குத் தீயோர் செல்கின்றனர். பாதையின்மை யானைக்கு அரணாகாது. தந்தத்தின் விலை எப்பாதையையும் உண்டாக்கிக் கொள்ளும். பயணி ஒருவன் அங்கு நிற்பதும், அவன்பொருட்டு வண்டியோட்டியும் சமையற்காரரும் வழிகாட்டியும் நடமாடுவதும் காட்டிற்குப் பல கண்கள் வாய்த்தாற் போன்றன. இதனை யாம் உடன்படுகின்றோம்.

எனினும் எம் இரண்டாம் நண்பர் கூறியதுபோலப் பயணியின் பணமே காட்டைக் காக்கின்றது என்று தருக்குதல் தகாது. தொலைவிலுள்ள பூங்காக்களுக்குச் செல்வோர் சிலரே. ஆகலின் அவர் தரும் பணம் காவற்செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். ஏனையது அரசாங்கமும் கொடையாளரும் தருவது. அன்றியும் 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருநோய் பரவியபோது விமானங்கள் நின்றன, விடுதிகள் மூடின, பயணியரை நம்பியிருந்த சிற்றூர்களில் வழிகாட்டிகளும் பணியாளரும் ஒரே திங்களில் வருவாய் இழந்தனர். அயலார் விருப்பம் ஒன்றனையே தூணாகக் கொண்டு கட்டிய வீடு காற்றடித்தால் விழும். எனவே, காட்டைத் தாங்குந் தூண் வேறொன்று இருத்தல் வேண்டும். அஃது யாதெனின், அந்நிலத்து மக்களின் உடன்பாடே என்க.

ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. மனிதரற்ற வனம் என்று நாம் வியக்கும் இடங்கள் மெய்யாகவே மனிதரற்றவையாய் இருந்தனவா? செரெங்கெட்டிச் சமவெளியில் மாட்டுமந்தைகளோடு வாழ்ந்த மாசாய் மக்களை, 1959-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியாளர் கோரொங்கோரோ மேட்டுநிலத்துக்குப் பெயர்த்தனர். அம்மக்களின் நிலப்பூசல் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2022-ஆம் ஆண்டிலும் லோலியோண்டோப் பகுதியில் எல்லைக்கல் நட்டபோது கலகம் விளைந்து, பலர் கென்யா நாட்டிற்குள் ஓடிப் புகுந்தனர். ஒருவன் வீட்டை வெறுமையாக்கிவிட்டு, ‘ஆ! எத்துணை அமைதியான இடம்!’ என்று வியப்பது அறமாகுமோ?

ஆயின், காட்டையும் மக்களையும் பகையாக்கியே தீரவேண்டும் என்னும் விதியில்லை. தென்னாப்பிரிக்காவில் மாக்குலேகே என்னும் மக்களை 1969-ஆம் ஆண்டில் வெள்ளையர் அரசாங்கம் வலிந்து வெளியேற்றி, அவர்தம் நிலத்தைக் க்ரூகர் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. நிறவெறியாட்சி ஒழிந்த பின் அவர்கள் வழக்காடி, 1998-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் நிலத்தை மீளப்பெற்றனர். நிலம் கைக்கு வந்தவுடன் காட்டை அழித்துக் கழனியாக்குவர் என்று அஞ்சியோர் பலர். அம்மக்களோ காட்டைக் காடாகவே வைத்து, அதில் தங்கும் விடுதிகளின் வருவாயைத் தம் ஊர்களுக்குப் பெறத் துணிந்தனர். பறித்தவரினும் இழந்தவரே நிலத்தின்மேற் பற்றுடையர் என்பது வெளிப்பட்டது.

ஜாம்பியாவின் மேற்கெல்லையில் உள்ள லியுவாச் சமவெளி இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு. லோசி மக்களின் அரசரை லிட்டுங்கா என்பர். 1880-களில் லெவானிக்கா என்னும் லிட்டுங்கா அச்சமவெளியை அரசவேட்டைக்குரிய காப்புநிலமாக்கி, அங்கு வாழ்ந்த குடிகளையே அதன் காவலராக நியமித்தார். மன்னரொருவர் ஊன்றிய கைத்தடி துளிர்த்துப் பெருமரமாயிற்று என்று ஒரு மரத்தைச் சுட்டி இன்றும் அவ்வூரார் கதை கூறுவர். அது 1972-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. எனினும் குடிகள் வெளியேற்றப்படவில்லை. பூங்காவின் உள்ளேயே பல்லாயிரவர் மீன்பிடித்தும் பயிரிட்டும் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் மழை தொடங்குங்கால், மாட்டின் முகமும் மானின் காலும் உடைய வைல்டுபீஸ்ட் என்னும் விலங்குகள் ஆயிரமாயிரமாய் அவ்வெளியிற் பெயர்ந்து செல்லும்.

அங்கு வாழ்ந்த ஒரு பெண்சிங்கத்தின் வரலாறு கல்நெஞ்சையும் உருக்குவது. 1990-களில் சட்டத்துக்கு மாறான வேட்டையால் லியுவாவின் சிங்கங்கள் அழிந்து, ஒரேயொரு பெண்சிங்கம் எஞ்சிற்று. துணையின்றித் தனித்து வாழ்ந்த அது, மனிதர் தங்கும் கூடாரங்களின் அருகே வந்து படுத்துக்கொள்ளும். ஊரார் அதனைத் தம் முன்னோரில் ஒருத்தியின் ஆவி எனக் கருதி அன்பு பாராட்டினர். பின்னர் வேறிடங்களிலிருந்து சிங்கங்கள் கொணரப்பட்டன. 2017-ஆம் ஆண்டில் அது மூத்து இறந்தபோது, அதற்குத் தன்னினத்தார் சூழ இருந்தனர். விலங்கை ஆவியென்று கருதுதல் அறியாமை என்று கல்வி கற்ற யாம் நகைக்கலாம். ஆனால் 512 விலங்குகளைச் சுட்டு எண்ணிய கல்வியும், ஒரு சிங்கத்தின் தனிமைக்கு இரங்கிய எளிய அன்பும் எதிரெதிரே நின்றால், எதன் பக்கம் அறிவு நிற்கும் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.

எம் பழைய மாணவர் நடந்து திரிந்த லுவாங்வாப் பள்ளத்தாக்கும் குறிப்பிடத்தக்கது. நார்மன் கார் என்னும் ஆங்கில வனவதிகாரி, 1950-ஆம் ஆண்டில் என்செஃபு என்னும் குடித்தலைவரிடம் சென்று, நிலத்தின் ஒரு பகுதியை விலங்குகட்கு ஒதுக்கினால் காணவருவோர் தருங் கட்டணம் குடிகளைச் சேரும் என்று உடன்படிக்கை செய்துகொண்டார். துப்பாக்கி ஏந்திய காவலர் முன்செல்லப் பயணிகள் காலால் நடந்து காட்டைக் காணும் முறை அங்குத்தான் வளர்ந்தது. “வண்டியில் இருந்தால் யானையைப் பார்ப்பாய், நடந்தால் யானை உன்னைப் பார்க்கும்,” என்று எம் பழைய மாணவர் கூறினார். நடப்பவன் சாணத்தின் ஈரத்தையும், புற்றின் திசையையும், பறவையின் எச்சரிக்கைக் குரலையும் கற்கின்றான். வழிகாட்டி கைகாட்டிய இடத்தில் நிற்கின்றான். பேசாதிரு என்றால் பேசாதிருக்கின்றான். ஊரில் அவன் எத்துணைப் பட்டம் பெற்றவனாயினும், அங்கு அரிச்சுவடி மாணவனே.

நிற்க. மிஷன் கல்லூரியில் பயிலும் எமக்கு ஆப்பிரிக்கப் பயணம் என்றால் டேவிட் லிவிங்ஸ்டன் நினைவிற்கு வாராமற் போகார். அவர் இறந்த இடம் இன்றும் பலர் செல்லாத இடமே. ஜாம்பியாவின் வடபால் பாங்வெயுலு என்னும் பெருஞ்சதுப்பு நிலம் உள்ளது. நீரும் வானும் கூடுமிடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். மிதியடி போன்ற பேரலகுடைய ஷூபில் என்னும் நாரை போன்ற பறவையும், கருநிற லெச்வே என்னும் சதுப்பு மானும் அங்கு வாழ்கின்றன. அதன் தென்பால் கசாங்கா என்னும் சிறு பூங்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழந்தின்னி வௌவால்கள் வந்து கூடும். அவற்றின் தொகையைக் கோடியளவாக மதிப்பிடுகின்றனர். அச்சதுப்பு நிலத்தின் தென்புறத்தில், சித்தாம்போ என்னும் தலைவரின் ஊரில், 1873-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் நாள் லிவிங்ஸ்டன் இறந்து கிடக்கக் கண்டனர்.

அவர் புகழ் உலகறிந்தது. அவரோடு சென்றோர் புகழை அறிந்தோர் சிலரே. சூமா, சூசி என்னும் இருவரும் அவர்தம் தோழரும், தலைவரின் இதயத்தை அங்கேயே மரத்தடியிற் புதைத்து, உடலை உலர்த்திப் பொதிந்து, ஆயிரம் மைல் அளவு சுமந்து கடற்கரை சேர்த்தனர். அடக்க வழிபாட்டை வாசித்து, மரத்தில் அவர் பெயரைச் செதுக்கியவர் ஜேக்கப் வெயின்ரைட். அவர் அடிமைத்தளையினின்று மீட்கப்பட்டு, நம் இந்திய நாட்டு நாசிக்கில் இருந்த மிஷன் பள்ளியில் எழுத்தறிவு பெற்றவர். சூமாவும் சிலகாலம் பம்பாயில் பயின்றவரே. 1874-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் லிவிங்ஸ்டன் அடக்கம் நடைபெற்றபோது வெயின்ரைட் உடனிருந்தார். சூமாவும் சூசியும் அங்கில்லை. அவர்கள் பின்னரே இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டனர்.

இவ்வரலாற்றை யாம் எடுத்துரைத்தது லிவிங்ஸ்டனைக் குறைகூறுதற்கன்று. அடிமை வணிகத்தின் கொடுமையை உலகறியச் செய்தவர் அவர். எனினும், தனிமனிதன் இருண்ட காட்டிற்குள் தனியே சென்றான் என்று பள்ளிப்பருவத்தில் யாம் கற்ற கதை உண்மையன்று. எப்பயணமும் பிறர் தோளின்மேற் செல்வது. பயணத்தைப் பற்றி எழுதுவோர் சுமந்தவர் பெயரை எழுதாது விடுவாராயின், காட்டை மட்டுமன்று, வரலாற்றையும் மனிதரற்றதாக்கி விடுவர். பாங்வெயுலுவில் ஷூபில் பறவையின் குஞ்சுகளைத் திருடி விற்போர் மிகுந்தபோது, அவ்வூர் மக்களே கூடுகளைக் காக்கும் காவலராய் அமர்த்தப்பட்டனர். பறவையைக் காணச் செல்வோர் அக்காவலரின் பெயரையும் கேட்டறிந்து திரும்புதல் வேண்டும்.

இனி, எம் முதல் நண்பரின் தடையை ஆராய்வாம். பலர் செல்லாத கானகத்திற்குச் செல்லுதல் மிக்க செலவுடையது. சிறு விமானமும், எட்டாத இடத்திற்குக் கொண்டுசெல்லும் உணவும் எரிபொருளும் அச்செலவைப் பெருக்குகின்றன. விமானப் புகையால் வானம் வெம்மையுறுவதும், அவ்வெம்மையால் மழை பிழைப்பதும், மழை பிழைத்தால் முதற்கண் அல்லலுறுவோர் ஆப்பிரிக்க உழவரே என்பதும் மறுக்கலாகாதன. இன்னொரு தடையும் உண்டு. யாரும் செல்லாத இடம் என்று ஒருவர் புகழ்ந்தெழுத, அதனைப் படித்துப் பலர் சென்று அது யாவரும் செல்லும் இடமாகிவிடுகின்றது. இக்கட்டுரையும் அக்குற்றத்திற்கு உட்பட்டதே. இத்தடைகளுக்கு முழு விடை எம்மிடம் இல்லை. ஆயின், அடிக்கடி விரைந்து செல்லுதலினும், வாழ்நாளில் ஒருமுறை சென்று நெடுநாள் தங்குதல் குற்றத்தைக் குறைக்கும் என்பது மட்டும் எமக்குத் துணிபு.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாய்ச் செல்வோர் ஒழுகும் முறைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்திலர். விருந்தினர் தம் எல்லையைத் தாமே அறிவர் என்று அப்பெருந்தகை கருதினார் போலும்! இக்காலத்துப் பயணிகட்கு அவ்வதிகாரம் மிகவும் வேண்டப்படுவது. எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு அதன் கருத்துக்களைக் கூறுவோம். விருந்தினன் வீட்டாரின் பெயரை முதலிற் கேட்டல் வேண்டும். அறைகளின் எண்ணிக்கையைப் பின்னரும் கேட்கலாம். வீட்டார் திறவாத அறையைத் திறத்தலாகாது. தான் உண்ட சோற்றின் விலை யார் கைக்குச் சென்றது என்று அறிந்துகொள்ளல் வேண்டும். காணவந்ததைக் காணாமலே திரும்ப நேரினும் முகங் கோணலாகாது. என்னை, சிங்கம் நம்மிடம் கூலி வாங்கிய பணியாள் அன்று. ஊர் திரும்பியபின் வீட்டாரை இழித்தும் பேசலாகாது. இரக்கத்திற்குரியோர் என்று மட்டும் பேசுதலும் ஒருவகை இழிவே.

எம் துணிபு இதுவாகும். தொலைவிலுள்ள கானகத்திற்குச் செல்லுதல் தகும். ஆனால் அந்நிலத்து மக்கள் விருந்தோம்புவோராய் நிற்கும் இடத்திற்கே செல்லுதல் தகும். அவர்கள் பெயர்க்கப்பட்டு, அவர்தம் வெறுமை அழகென்று விற்கப்படும் இடத்திற்குச் செல்லுதல் தகாது. எங்கே கட்டணத்தின் ஒரு பங்கு ஊரின் பள்ளிக்கும் கிணற்றுக்கும் சேர்கின்றது, எங்கே காவலரும் வழிகாட்டியரும் அவ்வூரினர், எங்கே நிலத்தைப்பற்றி முடிவு செய்யும் அவையில் அவர்க்கு இருக்கை உண்டு என்று கேட்டுத் தெளிந்தபின்னரே பயணி தன் மூட்டையைக் கட்டுதல் முறை. இதனைக் கேட்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு கடிதம் எழுதினால் போதும்.

நீவிர் போகின்றீரா, இல்லையா என்று அன்பர் வினவுவர். எம் அறைத் தோழரும் யாமும் அடுத்த விடுமுறையிற் போகாதிருக்க முடிவு செய்துள்ளோம். பொருளின்மை ஒரு காரணம். அதனை மறைத்துப் பயனில்லை. மற்றொரு காரணமும் உண்டு. எம் பழைய மாணவர்க்கு இம்முடிவை எழுதியபோது, வடஜாம்பியாவிற் பலர் பேசும் பெம்பா மொழியின் சிற்றிலக்கண நூலொன்றை அனுப்பித்தருமாறு வேண்டினோம். ‘முலிஷானி’ என்பது அம்மொழியில் நலம் வினவுஞ் சொல். மொழி பயிலும் மாணவர் யாம். ஒரு நாட்டின் விலங்குகளின் பெயரைக் கற்குமுன் அந்நாட்டு மாந்தரை நலம் வினவக் கற்றல் எமக்குரிய கடமை அன்றோ? அவர் அந்நூலை அனுப்பியதோடு, “இரண்டாண்டு பொறுக்கிறேன், அதற்குள் படித்து முடியுங்கள்,” என்றும் எழுதியுள்ளார்.

அந்நூல் இப்பொழுது எம் மேசைமேல் தொல்காப்பியத்தின் அருகே இருக்கின்றது. நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாகப் படித்து வருகின்றோம். பாங்வெயுலுவின் கரையில் ஷூபில் கூட்டைக் காத்து நிற்கும் அக்காவலரை என்றேனும் யாம் காண நேர்ந்தால், முதற்கண் அவர் நலத்தை அவர் மொழியில் வினவுவோம். பறவையைக் காட்டுவதும் காட்டாதொழிவதும் அவர் விருப்பம்.